இரு மழைகளும் ஓர் ஆறும்



தென்காசியில் ஸுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு குற்றாலச் சாரலில் நனைந்துவிட்டு, அதே நாளின் மஃரிபைக் காயல்பட்டினத்துக் கடற்கரைக்கு அருகில் தொழுதிருக்கிறீர்களா? இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தொலைவு நூறு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். பேருந்தில் ஏறி இறங்கிச் சென்றாலும் ஒரு பகலுக்குள் முடிந்துவிடக்கூடிய பயணம். ஆனால் அந்த ஒரு பகலுக்குள் ஈரக்காற்றிலிருந்து மணற்காற்றுக்கு வந்துவிடுவீர்கள். இரண்டு வெவ்வேறு நாடுகளைக் கடந்து வந்ததைப் போன்ற உணர்வு உங்களுக்கு ஏற்படும்.

2024-ஆம் ஆண்டு ஜூலையில், ஆடி பிறந்த முதல் வாரத்தில் நான் அப்படி ஒரு பயணம் மேற்கொண்டேன். உல்லாசத்திற்காக அன்று, ஒரு மாணவன் கேட்ட கேள்விக்கு விடை தேடிச் சென்றேன்.

நான் பணியாற்றும் மதரஸா தாமிரபரணிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையில் மதரஸாவுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. மாணவர்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு இரவுகளை அங்கேயே கழித்தோம். வெள்ளம் வடிந்த பின், நனைந்து ஊதிப்போன கிதாபுகளை முற்றத்து வெயிலில் ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு உதவிக்கொண்டிருந்த பத்து வயதுச் சிறுவன் கேட்டான்:

"ஹஜ்ரத், மழை அல்லாஹ்வுடைய ரஹ்மத்துன்னு நீங்கதானே பாடம் சொன்னீங்க? அப்புறம் ஏன் இப்படி?"

'அது சோதனை' என்று உடனே பதில் சொன்னேன். பதிலில் தவறில்லை. ஆனால் அதைச் சொன்னபோது என் பார்வை என்னையும் அறியாமல் மதரஸாவின் பின்புறச் சுவரை நோக்கிச் சென்றது. அதன் காரணத்தை இந்தக் கட்டுரையின் முடிவில் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். முதலில் என்னுடன் மலையடிவாரத்திற்கு வாருங்கள்.

சாரல் பிறக்கும் இடம்

ஆடி மாதத்துக் குற்றாலத்தை அறியாதவர் நம்மில் குறைவு. வெயில் இருக்கும்போதே தூறல் விழும். தூறல் நிற்பதற்குள் மறுபடியும் வெயில் வரும். மலை முகட்டில் மேகம் அமர்ந்திருக்கும். ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும் பிள்ளைகள் பல் கிட்டிக்க நிற்பார்கள். தாய்மார்கள் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு பின்னால் ஓடுவார்கள். இந்தச் சாரல் எங்கிருந்து வருகிறது என்று அருவிக்கரையில் நின்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மண் விரைவில் சூடாகி விரைவில் குளிரும். தண்ணீர் மெல்லச் சூடாகி மெல்லக் குளிரும். இந்த ஒரு சிறிய வேறுபாட்டின் மீதுதான் கோடிக்கணக்கான மக்களின் உணவை வல்ல அல்லாஹ் அமைத்திருக்கிறான்.

கோடையில் இந்தியத் துணைக்கண்டத்தின் நிலம் கடலைவிட அதிகமாகச் சூடேறுகிறது. சூடேறிய காற்று லேசாகி மேலெழுவதால் நிலத்தின் மீது காற்றழுத்தம் குறைகிறது. அதே காலத்தில் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, மடகாஸ்கர் தீவுக்குக் கிழக்கே, இந்துப் பெருங்கடலின் மீது காற்றழுத்தம் உயர்ந்து நிற்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குக் காற்று ஓடும். வடக்கு நோக்கி ஓடிவரும் அந்தக் காற்று, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிப் பூமத்திய ரேகையைக் கடந்ததும், பூமியின் சுழற்சியினால் வலப்புறமாகத் திரும்புகிறது. பிறகு தென்மேற்குத் திசையிலிருந்து அரபிக்கடலைக் கடக்கிறது. கடக்கும் வழியெல்லாம் கடல் நீரை ஆவியாக உறிஞ்சிக்கொள்கிறது. ஜூன் முதல் நாளை ஒட்டிக் கேரளக் கரையை அடைகிறது. இதுவே தென்மேற்குப் பருவமழை. இந்தியா முழுவதற்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சராசரியாக 87 சென்டிமீட்டர் மழையை அது கொண்டுவருகிறது.

கரையேறிய காற்றின் எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக நிற்கிறது. காற்று மலையேற வேண்டும். ஏற ஏறக் குளிரும். குளிரக் குளிர அதனால் நீராவியைச் சுமக்க இயலாது. சுமையைக் கேரளப் பக்கத்துச் சரிவிலேயே பெரும்பாலும் இறக்கி வைத்துவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது வெப்பமும் வறட்சியும் கொண்ட வெறுங்காற்றாகிவிடுகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி 'மழை மறைவுப் பிரதேசம்' என அழைக்கப்படுவது இதனால்தான்.

பிறகு தென்காசிக்கு மட்டும் ஏன் இந்தச் சாரல்? செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுக் கணவாயில், அந்தச் சுவர் சற்றே தாழ்ந்திருக்கிறது. அந்த வாசல் வழியாக ஈரக்காற்று எட்டிப் பார்க்கிறது. குற்றாலத்து அருவிகளில் விழும் சிற்றாறு கிழக்கே ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலக்கிறது. எனவே நீங்கள் அருவியில் குளிக்கும் தண்ணீர், சிந்தாமல் போனால், ஒரு நாள் காயலுக்கு அருகிலுள்ள கடலை அடையும். நானும் அதே வழியில் புறப்பட்டேன்.

காரும் பிசானமும்

தென்காசியிலிருந்து பாபநாசத்திற்குப் பேருந்து ஏறினேன். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி சமவெளியைக் காணும் இடம் பாபநாசம். சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் இந்த ஆறு, தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேரும் வற்றாத ஆறு.

பிற ஆறுகள் வற்றும்போது இது ஏன் வற்றுவதில்லை? இரண்டு பருவமழைகளும் இதன் மலையில் பெய்கின்றன. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் மேகம் பொதிகையின் முகட்டைத் தாண்டிச் சிந்துகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் மேகம் அதே மலையின் கிழக்குச் சரிவில் மோதிப் பொழிகிறது. பெய்ததை எல்லாம் ஒரே நாளில் விட்டுவிடாமல், மலைக்காட்டின் வேர்களும் சருகு மக்கிய மண்ணும் பிடித்து வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றன.

அம்பாசமுத்திரத்திற்கு அப்பால், நாற்று நட்டு முடித்திருந்த ஒரு வயலோரம் பேருந்துக்காக நின்றேன். வரப்பில் மண்வெட்டியோடு நின்ற முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அண்ணாச்சி, இது கார் நெல்லா?"

"ஆமா பாய். மேல்காத்து மழைக்குக் காரு. வாடைக்காத்து மழைக்குப் பிசானம். ரெண்டும் பெஞ்சாத்தான் எங்களுக்கு வருசம். ஒண்ணு பொய்ச்சா அரை வயிறு. ரெண்டும் பொய்ச்சா ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்."

நான் மேலே எழுதிய வானிலை விளக்கம் முழுவதையும் அவர் இரண்டு நெற்பருவங்களின் பெயர்களில் சொல்லி முடித்துவிட்டார்.

பிறகு அவர் ஆற்றின் பக்கம் கையை நீட்டி, "ஆறு மட்டும் போதுமா பாய்? கால் வேணும், குளம் வேணும், மறுகால் வேணும்" என்றார். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என இந்த ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. முதல் ஏழும் பழங்காலத்தவை; கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது. ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால்வாய் பிரிகிறது. கால்வாய் குளத்தை நிரப்புகிறது. குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் மறுகால் வழியே அடுத்த குளத்திற்குப் போகிறது. அங்கிருந்து அதற்கடுத்த குளம். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் தண்ணீர் கடலுக்குப் போக வேண்டும் என்று நம் முன்னோர் ஏற்பாடு செய்திருந்தனர்.

திருக்குர்ஆனின் 'அல்முஃமினூன்' அத்தியாயத்தில் அல்லாஹ் தண்ணீரைப் பற்றிப் பேசும் இடத்தை நினைத்துக்கொண்டேன். வானத்திலிருந்து அளவோடு இறக்கியதையும், அதைப் பூமியில் தங்கச் செய்ததையும், அதைப் போக்கிவிடவும் தனக்கு ஆற்றலுண்டு என்பதையும் அவன் அங்கே அடுத்தடுத்து நினைவூட்டுகிறான். எத்தனையோ முறை ஓதிக் கொடுத்த பகுதி அது. ஆனால் 'தங்கச் செய்தல்' என்பதன் பொருளை அந்த வரப்பின் மீது நின்றபோதுதான் நான் கண்ணால் கண்டேன்.

ரயில் நின்ற ஊர்

திருநெல்வேலியில் லுஹர் தொழுது, உணவருந்திவிட்டு, திருச்செந்தூர்ப் பேருந்தில் ஏறினேன். கிழக்கே போகப் போகக் காற்றில் ஈரம் குறைந்தது. வழியில் ஸ்ரீவைகுண்டத்தைக் கடந்தபோது பேருந்திலிருந்த எல்லோரும் ரயில் நிலையம் இருக்கும் திசையைப் பார்த்தார்கள்.

2023 டிசம்பர் 17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில், தண்டவாளத்தின் அடிமண்ணை வெள்ளம் அரித்துச் சென்றதால் இந்த ஊரில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள் அதில் இருந்தனர். சுற்றிலும் தண்ணீர். பக்கத்துக் கிராம மக்கள் தங்கள் வீடுகளிலும் வெள்ளம் நிற்க, இருந்த அரிசியைக் கொண்டு சோறு சமைத்து அந்தப் பயணிகளுக்குக் கொடுத்தார்கள். வந்தவர் யார், எந்த ஊர், என்ன மதம் என்று எவரும் கேட்கவில்லை.

அன்று நடந்தது என்ன? அக்டோபர் மாதம் நிலம் குளிரத் தொடங்கியதும் காற்று திசை மாறுகிறது. வடக்கே குளிர்ந்த நிலப்பரப்பிலிருந்து வறண்டு புறப்படும் காற்று, வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது நீரை ஏற்றிக்கொண்டு வடகிழக்கிலிருந்து நம் கரைக்கு வருகிறது. இதுவே வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும் இம்மழை, டிசம்பர் முடிய தமிழ்நாட்டிற்குச் சராசரியாக 44 சென்டிமீட்டர் தருகிறது. நம் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி இதுவே. ஆனால் இது தென்மேற்கு மழையைப்போல் சீராக வருவதன்று. கடலில் உருவாகும் தாழ்வு நிலைகளையும் சுழற்சிகளையும் புயல்களையும் நம்பி வருவது. ஆகவே சில ஆண்டுகளில் மிகும். சில ஆண்டுகளில் பொய்க்கும்.

அந்த டிசம்பரில் குமரிக் கடல் பகுதியின் மேல் ஒரு காற்றுச் சுழற்சி நகராமல் நின்றது. கிழக்கிலிருந்து ஈரக்காற்று இடைவிடாமல் அதற்குள் இழுக்கப்பட்டது. 18-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அதிகமானது அந்த ஊரில் ஒரே நாளில் பெய்துவிட்டது. எளிதாகச் சொன்னால், ஆயிரம் சதுர அடிக்குச் சற்று மேற்பட்ட ஒரு மொட்டை மாடியின் மீது மட்டும், அதாவது நூறு சதுர மீட்டரில், ஏறத்தாழ 95,000 லிட்டர் தண்ணீர் விழுந்தது.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் அது சுமக்கக்கூடிய நீராவி ஏறத்தாழ ஏழு சதவிகிதம் கூடுகிறது. எனவே பூமி சூடேறச் சூடேற இத்தகைய பெருமழைகளுக்கு இடம் அதிகரிக்கிறது என்று வானிலை அறிஞர்கள் எச்சரிக்கிறார்கள்.

மவ்ஸிமின் துறைமுகம்

அஸருக்குப் பின் காயல்பட்டினத்தில் இறங்கினேன். காலையில் குற்றாலத்தில் என்னை நனைத்த அதே காற்றுதான். ஆனால் இங்கே அது கண்ணில் மணலை வாரி இறைத்தது. மீனவர்கள் இதைக் 'கச்சான்' என்பார்கள். ஊருக்குத் தென்மேற்கே குதிரைமொழிப் பக்கம் செக்கச் சிவந்து கிடக்கும் தேரிமேடுகளை உருவாக்கியதும் காற்றுதான். மலைக்கு மேற்கே அருவியை வளர்க்கும் காற்று, மலைக்குக் கிழக்கே மணல்மேட்டை வளர்க்கிறது.

எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு பெரியவரின் வீட்டிற்குச் சென்றேன். காக்கா என்றுதான் அவரை அழைப்பேன். தம்முடைய எழுபது வயதில் அவர் கடல் வணிகர்களின் கதைகளை நிறையச் சேர்த்து வைத்திருப்பவர்.

"ஆலிம்சா, இந்தக் காத்துதான் நம்ம வரலாறு" என்று தொடங்கினார்.

அவர் சொன்னது உண்மை. 'மவ்ஸிம்' என்றால் அரபு மொழியில் குறித்த காலம், பருவம். ஹஜ்ஜுடைய காலத்தையும் அரபுகள் மவ்ஸிம் என்றே சொல்வார்கள். கப்பலோட்டிகளின் நாவிலிருந்த அந்தச் சொல்லைப் போர்ச்சுக்கீசியர் எடுத்துக்கொள்ள, அவர்களிடமிருந்து அது ஆங்கிலத்திற்குப் போய் 'மான்சூன்' ஆயிற்று. வானொலியில் 'மான்சூன்' என்று கேட்கும்போதெல்லாம் நீங்கள் ஓர் அரபுச் சொல்லையே கேட்கிறீர்கள்.

நீராவிக் கப்பல் வருவதற்கு முன் கடல் வணிகத்தின் கால அட்டவணை இந்தக் காற்றே. தென்மேற்குக் காற்று உச்சத்தில் இருக்கும் மாதங்களில் கடல் மூடப்பட்டதாகவே கருதப்பட்டது. அதன் வேகம் தணியும் காலத்தில் அரபு நாட்டுக் கரையிலிருந்து பாய் விரித்தால் கப்பல் இந்தியக் கரைக்கு வந்து சேரும். வடகிழக்குக் காற்று வீசத் தொடங்கியதும் திரும்பிச் செல்லலாம். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாலுமி அறிஞர் அஹ்மத் இப்னு மாஜித், எந்தத் துறையிலிருந்து எந்த நாட்களில் புறப்பட வேண்டும் என்பதையெல்லாம் கணக்கிட்டு நூலாக எழுதி வைத்தார். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வந்து நின்ற காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அடுத்த காற்று வரும் வரை காத்திருந்த வணிகர்கள் இந்த மண்ணில் தங்கினார்கள், தொழுதார்கள், திருமணம் செய்துகொண்டார்கள். நம் சமுதாய வரலாற்றின் ஓர் ஏடு இந்தக் காற்றின் கையெழுத்தில் எழுதப்பட்டது.

பேசிக்கொண்டே காக்கா என்னை உள்கூடத்திற்கு அழைத்துச் சென்று சுவரைக் காட்டினார். வெள்ளையடித்த சுவரில் என் நெஞ்சளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு.

"மத்த சுவரையெல்லாம் வெள்ளையடிச்சாச்சு. இதை மட்டும் அடிக்க வேண்டாமுன்னு சொல்லிட்டேன். பேரப்பிள்ளைங்க பார்க்கட்டும்."

"ஏன் காக்கா?"

"மழை பெருசுதான், மறுக்கல. ஆனா எங்க வாப்பா காலத்துல தண்ணி வந்தா அது போற வழி எங்களுக்குத் தெரியும். இப்ப தண்ணிக்கே வழி தெரியல. மூணு நாளு நின்னுச்சு. வழியில எல்லாம் நாமதானே உட்கார்ந்திருக்கோம்!"

அவருடைய வீட்டுப் பெண்கள் அந்த நாட்களை நினைவுகூர்ந்தார்கள். கைக்குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போனதையும், ஒரே அடுப்பில் எட்டுக் குடும்பங்களுக்குக் கஞ்சி காய்ச்சியதையும், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பெய்கின்ற மழையையே பாத்திரம் வைத்துப் பிடித்ததையும் சொன்னார்கள். வீடெங்கும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. அதைக் கேட்டபோது நான் தலை குனிந்துகொண்டேன்.

ஒரு ஜும்ஆவும் மறு ஜும்ஆவும்

மஃரிபுக்குப் பின் பள்ளிவாசலின் திண்ணையில் தனியே அமர்ந்திருந்தேன். நாம் அனைவரும் அறிந்த ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக வருவது.

மதீனாவில் வறட்சி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜும்ஆ குத்பாவில் நிற்கும்போது ஒருவர் வந்து, கால்நடைகள் அழிவதைச் சொல்லி மழைக்காகத் துஆச் செய்யுமாறு வேண்டினார். நபியவர்கள் கையேந்தினார்கள். வெறுமையாக இருந்த வானத்தில் மேகம் திரண்டது. ஒரு வாரம் மழை பெய்தது. மறு ஜும்ஆவில் ஒருவர் வந்து, உடைமைகள் அழிகின்றன, பாதைகள் துண்டிக்கப்பட்டுவிட்டன என்றார். நபியவர்கள் மீண்டும் கையேந்தினார்கள். மழையே வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. தங்கள் மீதன்றித் தங்களைச் சுற்றிலும் பெய்யுமாறு கேட்டார்கள். குன்றுகள், மேடுகள், ஓடைப் பள்ளத்தாக்குகள், மரங்கள் முளைக்கும் இடங்கள் என்று அது பெய்ய வேண்டிய இடங்களையும் குறிப்பிட்டார்கள்.

வாசகர்களே, அந்த இடங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். குன்று மழையை வாங்கிக் கீழே அனுப்பும். ஓடை அதை ஏந்திக்கொண்டு போகும். மரத்தின் வேர் அதைப் பிடித்து வைக்கும். அவை யாவும் தண்ணீரைத் தாங்கக்கூடிய இடங்கள். அதே மழைதான், தங்குமிடம் உள்ள நிலத்தில் அது ரஹ்மத்தாக இருக்கிறது. தங்குமிடமும் செல்வழியும் அடைபட்ட தெருவில் அது வீட்டுக்குள் வருகிறது. இது என் எளிய புரிதல். தவறிருப்பின் அல்லாஹ் மன்னிப்பானாக.

பின்புறச் சுவர்

இனி நான் ஒப்புக்கொள்வதாகச் சொன்ன செய்திக்கு வருகிறேன்.

2014-இல் எங்கள் மதரஸாவுக்கு இரண்டு வகுப்பறைகள் தேவைப்பட்டன. இடமில்லை. பின்புறம் ஓர் ஓடை இருந்தது. மழைக்காலத்தில் சில வாரங்கள் தண்ணீர் ஓடும். மற்ற நாட்களில் கருவேல முள் மண்டிக் கிடக்கும். அதை மண்ணடித்து நிரப்பிக் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. ஊரிலுள்ள ஒரு முதிய விவசாயி வந்து, "அது குளத்து மறுகால் ஓடை, அடைக்காதீக" என்றார். "இதில் தண்ணீர் ஓடி எத்தனை வருஷமாச்சு?" என்று அவரைத் திருப்பி அனுப்பினோம். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடிக்கல் நாட்டிய அன்று துஆ ஓதியவனும் நானே.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவிகிதம் குறைந்தது. மறு ஆண்டு கோடையில் எங்கள் ஊர்க் குளம் பாளம் பாளமாக வெடித்தது. அந்தக் குளத்தின் வறண்ட தரையிலேயே மழைத் தொழுகை நடத்தினோம். மேலாடையைப் புரட்டிப் போட்டு அழுது கேட்டோம். கேட்கும்போது, அந்த மழை வந்தால் போக வேண்டிய வழியை நாமே அடைத்து வைத்திருக்கிறோம் என்பது எனக்கு நினைவில் இல்லை. விருந்தாளியை வருந்தி அழைத்துவிட்டு வாசலைப் பூட்டியவர்களைப் போல இருந்தோம். 2023-இல் அந்தக் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தது. தண்ணீர் தன் பழைய ஓடையைத் தேடி வந்தது. ஓடை இருந்த இடத்தில் எங்கள் வகுப்பறைகள் இருந்தன. அதனால் மதரஸாவுக்குள் வந்தது. எங்கள் கிதாபுகள் நனைந்தது இப்படித்தான்.

காயலிலிருந்து திரும்பியதும் நிர்வாகிகளைச் சந்தித்து இதைச் சொன்னேன். முதலில் மனவருத்தம் ஏற்பட்டது. பிறகு மூன்று அமர்வுகள் பேசி, இரண்டு அறைகளில் ஒன்றை இடித்து ஓடைக்கு வழிவிட்டோம். மாடியில் விழும் மழைநீரை வடிகட்டிக் கிணற்றில் இறக்கக் குழாய் அமைத்தோம். கட்டடங்களில் மழைநீர்ச் சேமிப்பைத் தமிழ்நாடு அரசு 2003-இலேயே கட்டாயமாக்கியிருந்தது. நாங்கள் இருபது ஆண்டுகள் கழித்துச் செய்தோம். அந்த முதியவர் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய மகனிடம் சென்று வருத்தம் தெரிவித்தேன். மற்றோர் அறை இன்னும் நிற்கிறது. அதைப் பற்றிய பேச்சு முடிந்தபாடில்லை.

ஓடையில் மண் அள்ளிய அன்று கேள்வி கேட்ட சிறுவனையும் அருகில் வைத்துக்கொண்டு, என் முதல் பதில் அரைப் பதில்தான் என்பதைச் சொன்னேன். மழை ரஹ்மத்தே, அதில் எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் ரஹ்மத்து வந்து தங்க நாம் இடம் வைத்திருக்க வேண்டும் என்றேன். அவன் ஓடையையும் மிச்சமிருந்த அறையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்போ இனிமே மழை வந்தா வழி இருக்கா ஹஜ்ரத்?"

"பாதி வழி இருக்கிறது" என்றேன்.

அன்புச் சகோதர சகோதரிகளே! அடுத்த ஐப்பசி பிறக்குமுன் உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். உங்கள் கூரையில் விழும் தண்ணீர் எங்கே போகிறது? உங்கள் தெருவின் ஓடையில் கிடக்கும் குப்பையில் உங்கள் வீட்டுக் குப்பை எவ்வளவு? உங்கள் பள்ளிவாசலின் ஹவ்ளுத் தண்ணீர் வீணாகச் சாக்கடைக்குப் போகிறதா, மரத்திற்குப் போகிறதா? ஊரில் ஒரு முதியவர் 'இது தண்ணீர் போகும் வழி' என்று சொன்னால், என்னைப்போல் மௌனமாக நிற்காதீர்கள்.

பயனளிக்கும் மழையை நமக்குத் தரவும், தந்த மழையைப் பேணும் அறிவை நமக்குக் கொடுக்கவும் வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன்.